நான் நுழையாத அறைக்கு வைஃபை

ஹாலில் நின்று ஸ்பீடு பார்த்துவிட்டுக் கிளம்பாதீர்கள். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்ல நினைப்பதில் முக்கால்வாசி இந்த ஒரு வரியில் முடிந்துவிடும். மிச்சமிருக்கும் கால்வாசிக்குத்தான் இவ்வளவு நீளம்.

நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாதா? டிவிக்குப் பக்கத்தில் ரவுட்டரை மாட்டுகிறீர்கள். அதற்கு ரெண்டடி தள்ளி நின்று போனில் ஸ்பீடு டெஸ்ட் ஓட்டுகிறீர்கள். முள் வலதுபக்கம் போய் முட்டுகிறது. அதை வீட்டுக்காரர் முகத்துக்கு நேரே நீட்டுகிறீர்கள், அவரும் சூப்பர்ப்பா என்கிறார், ஓடிபி வாங்கிக்கொண்டு வண்டியை எடுத்துவிடுகிறீர்கள். சாயங்காலம் அந்த வீட்டம்மா போன் செய்து சமையல்கட்டில் ஒன்றும் வரவில்லை என்றால், அது உங்க வீட்டுச் சுவரோட பிரச்சினைம்மா என்று பதில் சொல்கிறீர்கள். இந்தப் பதிலைக் கேட்டால் எனக்கு இன்னமும் கோபம் வருகிறது. சுவர் இல்லாத வீடு எங்கே இருக்கிறது? சுவர் இருப்பதால்தானே நம்மைக் கூப்பிடுகிறார்கள்.

நான் டெலிபோன் ஒயர் இழுக்கிற காலத்தில் கம்பத்தில் ஏறியவன். அப்புறம் கேபிள் டிவி, அப்புறம் பிராட்பேண்ட், அப்புறம் இந்த வைஃபை. வேலூரிலிருந்து ஆம்பூர் வரைக்கும் நெடுஞ்சாலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நான் ஏறாத மாடி கம்மி. இப்போது முட்டி ஏணிக்கு ஒத்துழைக்க மறுத்துவிட்டது. அதனால்தான் விரிஞ்சிபுரத்தில் வீட்டோடு உட்கார்ந்து உங்களுக்கு உபதேசம் செய்துகொண்டிருக்கிறேன்.

வீட்டுக்குள் சிக்னல் கொண்டுபோவதில் கருவிக்குப் பங்கு பாதிதான். அந்த வீட்டில் யார் எங்கே உட்காருகிறார்கள், எந்தப் பொருள் ஏன் அங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்வதில் இருக்கிறது மீதிப் பாதி. குடியாத்தத்தில் ஒரு லுங்கி நெசவு வீடு. கீழே விசைத்தறி, மேலே குடும்பம். நெட் வரவில்லை என்று கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால் ரவுட்டர் சாமி அலமாரிக்குள் இருக்கிறது. நாலு பக்கமும் தகரம் அடித்த அலமாரி. ரவுட்டருக்குச் சந்தனம், குங்குமம், தலையில் ஒரு சாமந்திப்பூ வேறு. என்னோடு வந்தவன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் ஏன் இங்கே வெச்சீங்க என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன். தறி ஓடுகிற வீட்டில் எங்கே வைத்தாலும் பஞ்சு அடைத்துவிடும், தினமும் துடைக்கிற ஒரே இடம் சாமி அலமாரிதான் என்றார். எவ்வளவு சரியான காரணம் பாருங்கள். அதற்கு முன்னால் அந்த வீட்டில் மாட்டிய முதல் ரவுட்டர் பஞ்சு அடைத்துத்தான் செத்தது என்பது எங்களுக்கே அப்போதுதான் தெரிந்தது. அலமாரிக்கு மேலேயே, துடைக்கிற கை எட்டும் உயரத்தில், சுவரில் மாட்டிக் கொடுத்துவிட்டு வந்தோம். இன்றைக்கும் ஓடுகிறது, குங்குமத்தோடு.

இதை ஏன் சொன்னேன் என்றால், நமக்குக் கோணலாகத் தெரிகிற இடத்தில் ஒரு பொருள் இருந்தால் அதற்குப் பின்னால் அந்த வீட்டு நியாயம் ஒன்று இருக்கும். அந்த நியாயம் தெரியாமல் கை வைக்கக் கூடாது. நான் சொல்ல வந்த ஆம்பூர் வீட்டுக் கதைக்கும் இதுதான் ஆதாரம்.

ஆம்பூரில் தோல் தரகு செய்துவந்த ஒரு பாய் வீட்டில் கனெக்‌ஷன் கொடுத்தது நான்தான். நல்ல மனிதர். நான் எப்போது போனாலும் முதலில் டீ, அப்புறம்தான் வேலை. முன்பக்கம் பெரிய ஹால். தோல் சாம்பிள்களைப் பிரித்துப் போட்டுக்கொண்டு நாலு பேர் எப்போதும் உட்கார்ந்திருப்பார்கள். ஹாலிலிருந்து நீளமாக ஒரு நடை போகும். அதற்குப் பின்னால்தான் பெண்கள் புழங்கும் பின்கட்டு. ரவுட்டரை ஹாலில் வைத்தோம். வியாபாரம் அங்கேதான் நடந்தது, அவருக்கு அது போதுமாக இருந்தது. பின்கட்டைப் பற்றி அவரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவில்லை.

அந்தப் பாய் திடீரென்று மாரடைப்பில் போய்விட்டார். கொஞ்ச நாள் கழித்து அவருடைய தம்பி இக்பால் பாய் ஒரு மதிய வேளையில் எனக்குப் போன் செய்தார். உடனே வரவேண்டும் என்றார், குரல் சரியில்லை. போனேன். ஹாலில் வழக்கம்போல ஆட்கள். துக்கம் கேட்க வந்தவர்கள் பாதி, நின்றுபோன வியாபாரத்தைப் பேச வந்தவர்கள் மீதி. இக்பால் பாய் என்னை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார்.

"ண்ணா, இன்னிக்கி எப்டியாவது பின்கட்டுக்கு சிக்னல் வரணும். அண்ணன் பொண்ணு நசீமாவ சாயந்தரம் ஆபரேசனுக்கு எடுத்துனு போறாங்க. அதுக்கு முன்னாடி அம்மா மூஞ்சிய ஒரு வாட்டி பாக்கணும்னு அழுவுது."

நசீமா கல்யாணமாகிச் சவுதியில், தம்மாமில் இருக்கிறாள். நிறைமாதம். விமானத்தில் ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் அப்பாவின் மையத்து அடக்கத்துக்கு அவளால் வர முடியவில்லை. இப்போது பிரசவத்தில் சிக்கல், ஆபரேஷன் என்று முடிவாகிவிட்டது. இங்கே அவளுடைய அம்மா இத்தாவில் இருக்கிறார். கணவன் இறந்தபின் நாலு மாதமும் பத்து நாளும் பெண்கள் வீட்டுக்குள்ளேயே ஒதுங்கி இருப்பார்கள், வெளி ஆண்கள் முன்னால் வரமாட்டார்கள். அந்தப் பின்கட்டு அறையில் மொபைல் சிக்னல் ஒரு கோடு வரும், உடனே போய்விடும். பாய் இறந்ததிலிருந்து தாயும் மகளும் முகம் பார்த்துப் பேசியதே இல்லை. பேசியதெல்லாம் அறுந்து அறுந்துதான்.

ஹாலைக் காலி செய்கிறேன், இங்கே வந்து உட்கார்ந்து பேசட்டும் என்று இக்பால் பாய் ஏற்கெனவே சொல்லியனுப்பியிருக்கிறார். அந்தம்மா வேண்டாம் என்றுவிட்டார். வாசலில் ஆள் வருவதும் போவதுமாக இருக்கிற இடத்தில், இத்தாவில் இருக்கிற ஒரு பெண் வந்து உட்கார்ந்து மகளோடு என்ன பேச முடியும்? அழக்கூட முடியாது. எனக்கு அது நியாயமாகவே பட்டது.

ஆகவே வேலை இதுதான். நான் கண்ணால் பார்க்க முடியாத, காலெடுத்து வைக்க முடியாத ஓர் அறைக்கு, சாயங்காலத்துக்குள் சிக்னல் கொண்டுபோக வேண்டும்.

நடையில் நடந்து பார்த்தேன். பழைய காலத்துச் சுண்ணாம்புச் சுவர், கையளவு கனம் இல்லை, முழங்கையளவு கனம். ஆனால் நடையிலிருந்து அந்த அறைக்கே ஒரு கதவு இருந்தது. கீழ்ப்பாதி மரம், மேல்பாதி பூப்போட்ட கண்ணாடி, கண்ணாடிக்குப் பின்னால் பச்சைத் திரை. இப்போது அதை உபயோகிப்பதில்லை, சமையல்கட்டு வழியாகத்தான் போய்வருகிறார்கள் என்றார் இக்பால் பாய். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். மரத்தையும் கண்ணாடியையும் சிக்னல் சும்மா தாண்டிப் போகும். பக்கத்திலேயே பிளக் பாயிண்டும் இருந்தது. ஹால் சிக்னலை வாங்கித் திரும்பக் கொடுக்கிற பெட்டி ஒன்றைக் கதவை ஒட்டி மாட்டினேன். வந்த வேலை முடிந்தது என்றே நினைத்தேன்.

இக்பால் பாயின் மனைவியிடம் போனைக் கொடுத்து உள்ளே அனுப்பினோம். அவர் சமையல்கட்டு வழியாகச் சுற்றிப் போய் அறைக்குள்ளிருந்து குரல் கொடுத்தார். ஒரு கோடு என்றார், அடுத்த நொடியே அதுவும் போய்விட்டது என்றார். பெட்டியைக் கொஞ்சம் ஏற்றினேன், இறக்கினேன், செட்டிங்கை மாற்றினேன், வண்டியிலிருந்த இன்னொரு பெட்டியை எடுத்துவந்து மாட்டினேன். எதற்கும் அசையவில்லை. நடையில் சிக்னல் கொட்டுகிறது, கதவுக்கு அந்தாண்டை பாலைவனம். அதற்குள் இக்பால் பாயின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. நசீமாதான். ஆச்சா சித்தப்பா, ஆச்சா சித்தப்பா என்று கேட்கிறாள். ஹாலில் இருந்தவர்களில் ரெண்டு பேர் எழுந்துவந்து எனக்கு யோசனை சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். இது எல்லா வீட்டிலும் நடக்கும், பழகிக்கொள்ளுங்கள்.

அறைக்குள் என்னென்ன இருக்கிறது என்று இக்பால் பாயைக் கேட்டேன். கட்டில், ஃபேன், ஒரு ஸ்டூல், பெரிய இரும்பு பீரோ என்றார். பீரோ எங்கே என்று கேட்டேன். அது அந்தக் கோடியில் ஜன்னலாண்டை இருக்கிறது, இந்தப் பக்கம் ஒன்றுமே இல்லை என்று அடித்துச் சொன்னார். பொய் சொல்கிற ஆள் இல்லை அவர். ஆனால் எனக்கு ஒரு சந்தேகம் தட்டியது. கடைசியாக எப்போது பாய் அந்த ரூமுக்குள்ள போனீங்க என்று கேட்டேன். அண்ணன் போன அன்றைக்கு என்றார். கொழுந்தனார் என்றாலும் இத்தாவில் அவரும் வெளி ஆண்தான். அவர் எனக்குச் சொன்னது அண்ணன் உயிரோடு இருந்த காலத்து அறை.

பிள்ளைகளே, இதை மட்டும் மறக்காதீர்கள். தகவல் சொல்கிறவர் நல்லவரா என்று பார்த்தால் போதாது, அந்த இடத்தில் அவர் இருக்கிறாரா என்று பார்க்க வேண்டும். இத்தனை வருஷத்தில் வீட்டுக்காரர்கள் எனக்குச் சொன்ன தப்பான தகவலெல்லாம் அவர்கள் உட்காராத அறையைப் பற்றித்தான்.

அந்தம்மாவையே கேட்க வேண்டும் என்றேன். இக்பால் பாய் தயங்கினார். தாடியைத் தடவினார், ஹால் பக்கம் திரும்பிப் பார்த்தார். நடையில் நின்றவர்களை ஹாலுக்குப் போகச் சொல்லிவிட்டு, அண்ணியை பாபி என்று கூப்பிட்டுக் கதவைத் தட்டினார். லைன்காரர் ஒண்ணு கேக்கணுங்கறார் என்றார். நான் கதவுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டேன். திரை இருக்கிறதுதான், இருந்தாலும் அப்படி நிற்பதுதான் முறை என்று பட்டது.

"அம்மா, இந்தக் கதவுக்கு அந்தாண்ட இன்னா இருக்குதுங்க?"

தகரத்துக்குள்ளிருந்து வருகிறது போல ஒரு குரல் வந்தது.

"பீரோ இருக்குதுண்ணா. இத்தா உக்காந்த அன்னிக்கே நாங்க தள்ளி வெச்சிட்டோம்."

பிறகுதான் விஷயம் புரிந்தது. துக்கம் கேட்க வருகிற ஆண்கள் நடையில் வந்து நிற்பார்கள். கண்ணாடிக் கதவு. திரை காற்றில் விலகினாலும் விலகும். அதனால் வீட்டுப் பெண்கள் எல்லோருமாகச் சேர்ந்து, ஜன்னலோரம் இருந்த இரும்பு பீரோவை இழுத்துவந்து கதவை மறைத்து நிறுத்திவிட்டார்கள். இதைப் போய் ஆண்களிடம் சொல்ல என்ன இருக்கிறது? அவர்கள் சொல்லவில்லை. ஆண்கள் உள்ளே போகாததால் பார்க்கவும் இல்லை. நான் மரக்கதவு என்று நம்பி, ஓர் ஆள் உயர இரும்புத் தகட்டின் முதுகில் பெட்டியை மாட்டி வைத்துக்கொண்டு வேர்த்துக்கொண்டிருந்தேன்.

இக்பால் பாய்க்கு உயிர் வந்தது. அப்பாடா, அவ்வளவுதானே, பீரோவைத் தள்ளிவிடுங்கள் பாபி என்றார். அந்தம்மா, அது அங்கேயே இருக்கட்டும் என்றார். இக்பால் பாய்க்குப் பதற்றத்தில் குரல் ஏறிவிட்டது.

"பாபி, புள்ளையோட ஆபரேசன் முக்கியமா, பீரோ முக்கியமா?"

"ரெண்டும்தான். அவரு துணியெல்லாம் அதுல இருக்குது. அது இங்க நின்னாதான் எனக்குக் கதவு சாத்துன மாதிரி இருக்குது."



இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? பீரோவைத் தள்ளினால் வேலை முடிந்தது. தொழில்படி பார்த்தால் இக்பால் பாய் சொன்னதுதான் சரி. நேரமும் இல்லை. நானும் ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருந்தால் அந்தம்மா ஒத்துக்கொண்டிருப்பார், பெற்ற வயிறு ஆயிற்றே. ஒத்துக்கொண்டு, அந்தக் கண்ணாடிக் கதவின் முன்னால் தலையைக் குனிந்து உட்கார்ந்து, ஒரு கண்ணைப் போனிலும் ஒரு கண்ணைத் திரையிலுமாக வைத்துக்கொண்டு பேசியிருப்பார். யாருக்காகச் சிக்னல் கொண்டுபோகிறோமோ அந்த மனுஷியையே ஓரமாகத் தள்ளிவிட்டுச் சிக்னலைக் கொடுத்தால் அது என்ன வேலை? புருஷனை இழந்த வீட்டில் அந்தம்மாவுக்கு என்று மிச்சமிருந்தது அந்த ஓர் அறையும் அந்தப் பீரோவும்தான். என் மனசு இடம் கொடுக்கவில்லை.

பீரோ இருக்கட்டும் பாய், ஒயர் எங்க வேணாலும் போவும் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் ஒயர் எங்கே போகும் என்று யோசிக்க ஆரம்பித்தேன்.

பெட்டியைச் சமையல்கட்டில் வைத்துப் பார்த்தோம், ஹால் சிக்னல் அவ்வளவு தூரம் எட்டாமல் சிவப்பு விளக்கு எரிந்தது. கதவுக்கடியில் ஒயர் நுழைக்கலாம் என்றால், பழைய வாசக்கால், மயிரிழை இடுக்கு கிடையாது. சுவரில் ஓட்டை போட நேரமில்லை. கடைசியில் இக்பால் பாயின் மனைவிதான், அறையின் பின்சுவரில் உத்தரத்தை ஒட்டி ஒரு வென்டிலேட்டர் இருக்கிறது, மொட்டை மாடியிலிருந்து குனிந்தால் கை எட்டும் என்று சொல்லியனுப்பினார். யாருக்கு வீடு தெரியும் பாருங்கள்.

அந்தத் தெருவில் மாடிக்கு ஓர் ஆண் ஏறுவதென்றால் முதலில் குரல் கொடுக்க வேண்டும். சுற்றியிருக்கிற வீட்டு முற்றங்களில் பெண்கள் இருப்பார்கள். இக்பால் பாய் படியில் நின்று, லைன்காரர் மேல வர்றார் என்று ரெண்டு பக்கமும் சத்தம் போட்டார். கதவுகள் சாத்துகிற ஓசை கேட்டபின் ஏறினேன். ஹாலிலிருந்து ஒயரை வெளிச்சுவர் வழியாக மாடிக்கு இழுத்தேன். நீளம் போதவில்லை. பையில் இருந்த இன்னொரு துண்டை எடுத்து, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஜாயின்டர் போட்டு இணைத்து, மறுமுனையை வென்டிலேட்டர் கம்பிக்குள் விட்டேன்.

"அம்மா, மேலேருந்து ஒயர் வருது. புடிச்சிக்கோங்க."

ஒயர் என் கையிலிருந்து கீழே இழுபட்டது. பெட்டியை ஏற்கெனவே உள்ளே அனுப்பியிருந்தோம். மஞ்சள் ஓட்டையில் சொருகச் சொன்னேன், டக்கென்று சத்தம் வரும்வரை தள்ளச் சொன்னேன். அந்தம்மா ஜென்மத்தில் அதைத் தொட்டதில்லை. ஆனால் ஒரு தரம்தான் சொன்னேன். டக்கென்ற சத்தம் எனக்கே மேலே கேட்டது.

விளக்கு சிவப்பாகவே இருக்கிறது என்று கீழேயிருந்து சொன்னார்கள். தொட்டியாண்டை போய்ப் பார்த்தால் ஜாயின்டரில் போட்ட ஜாக்கின் பூட்டு உடைந்திருக்கிறது, ஜாயின்டரும் பழசு. கையால் ஒரு பக்கமாக அழுத்திப் பிடித்தால் உள்ளே ஊசிகள் தொடுகின்றன, பச்சை என்று கீழேயிருந்து கத்துகிறார்கள். விட்டால் சிவப்பு. டேப் சுற்றினேன். ஆம்பூர் சித்திரை வெயிலில் டேப்பின் பசை இளகி வழுக்கிக்கொண்டு போனது. புது ஜாக் பையில் இல்லை. பஜாருக்குப் போய்வரலாம் என்று எழுந்தபோது இக்பால் பாய் படியேறி ஓடிவந்தார். ஸ்ட்ரெச்சர் வந்துவிட்டதாம், நசீமாவின் மாப்பிள்ளை இன்னும் கொஞ்ச நேரம் என்று நர்ஸைக் கெஞ்சிக்கொண்டிருக்கிறாராம்.

நான் அந்தச் சுடுதரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். ஜாக்கை ரெண்டு விரலால் அழுத்திப் பிடித்தேன்.

"பேசச் சொல்லுங்க பாய். முடிஞ்சதும் ஒயர மெதுவா ஒரு இழுப்பு இழுத்தா எனக்குத் தெரியும். அதுவரைக்கும் நான் கைய எடுக்க மாட்டேன்."

அவர் இறங்கிப் போனார். தொட்டிக்கும் வென்டிலேட்டருக்கும் நடுவே நல்ல தூரம். எனக்கு ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை, கேட்காததே நல்லது. தாய்க்கும் மகளுக்கும் நடுவில் நான் எதற்கு? தோல் பதனிடுகிற ஷாப்புகளின் நாற்றம் காற்றில் வந்துபோனது. என் போன் பாக்கெட்டில் அடித்தது, எடுக்க முடியவில்லை. இன்னொரு வீட்டில் சிக்னல் இல்லை போலிருக்கிறது. விரல் மரத்துப்போனது. கையை மாற்றலாம் என்றால் மாற்றுகிற நொடியில் விளக்கு சிவப்பாகிவிடும். என் பெண் ஓசூரில் இருக்கிறாள், அவளிடம் பேசிப் பத்து நாள் ஆகிறதே என்று நினைப்பு வந்தது. கண் கலங்கியது. வேர்வையும் சேர்ந்துகொண்டதால் துடைக்கவும் வழியில்லை.

பள்ளிவாசலில் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். ஒயர் அசையவில்லை. வெயில் சாய்ந்து தொட்டியின் நிழல் என் முதுகுக்கு வந்தது. அப்போதும் அசையவில்லை. பேசி முடித்துவிட்டு என்னை மறந்துவிட்டார்களோ என்று சந்தேகம் வந்தது. துக்க வீடு, மறந்தால்கூடத் தப்பில்லை. ஒரு நொடி கையை விட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் விட்டது தப்பான நொடியாக இருந்தால்? சொன்ன சொல்லை நம்பித்தானே அந்தம்மா உள்ளே உட்கார்ந்திருக்கிறார். விடவில்லை.

இக்பால் பாய் மறுபடி மேலே வந்தார். இந்தத் தடவை ஓடிவரவில்லை. மெதுவாக வந்து என் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார்.

"ண்ணா, நசீமாவ உள்ள எடுத்துனு போயி நேரமாச்சு. மாப்பிள்ள போன கட் பண்ணல. ஆபரேசன் ரூம்பு கதவாண்ட காட்டினு நிக்கறாராம். பாபி அந்தக் கதவையே பாத்துனு உக்காந்திருக்காங்க."

இங்கே பீரோ வைத்து அடைத்த ஒரு கதவு. அங்கே சாத்தியிருக்கிற இன்னொரு கதவு. நடுவில் என் ரெண்டு விரல். நான் பிடிக்கட்டுமா என்றார் இக்பால் பாய். ஊசி தொடுகிற பக்கம் என் விரலுக்குத்தான் தெரியும், நீங்க துவா செய்யுங்க பாய் என்றேன். அவர் கைகளை ஏந்திக்கொண்டார்.

எவ்வளவு நேரம் என்று கேட்காதீர்கள், பார்க்கவில்லை. மெதுவாக ஓர் இழுப்பு என்றுதான் நான் சொல்லியனுப்பியிருந்தேன். ஒயர் இழுபட்ட வேகத்தில் ஜாக் என் விரலிலிருந்து பிடுங்கிக்கொண்டு, ஜாயின்டரை விட்டுக் கழன்று, மாடித் தரையில் வென்டிலேட்டரை நோக்கி ஓடியது. ஐயோ போச்சே என்று தாவினேன். அதற்குள் கீழே பின்கட்டிலிருந்து பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுகிற சத்தம். இக்பால் பாயின் மனைவி முற்றத்துக்கு ஓடிவந்து மேலே பார்த்து உருதுவில் ஏதோ சொன்னார். எனக்கு உருது அரைகுறைதான், இருந்தாலும் பேத்தி என்பது புரிந்தது. தாயும் பிள்ளையும் சுகம். இக்பால் பாய் என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதார்.

கீழே இறங்கினோம். ஹாலில் பேரீச்சம்பழமும் டீயும் வந்தன. டம்ளரைப் பிடிக்க என் வலது கை மடங்கவில்லை, இடது கையால் வாங்கினேன். சமையல்கட்டு வாசல் திரைக்கு அந்தாண்டையிலிருந்து அந்தம்மாவின் குரல் வந்தது.

"அண்ணா, ரொம்ப வேகமா இழுத்துட்டேன். கை வலிக்குதா?"

இல்லைம்மா என்றேன். ஜாக்கின் தடம் உள்விரலில் சிவந்து பதிந்திருந்தது. காலையில் புது ஜாக்கோடு வந்து ஒயரைச் சரியாகப் போட்டுத் தருகிறேன், பீரோ அதன் இடத்திலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்தேன். இக்பால் பாய் வாசல்வரை வந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டே, எல்லா வீட்டிலும் எல்லோரும் கேட்கிற அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"ண்ணா, ஸ்பீடு பாக்கலியா?"

"பாத்துட்டேன் பாய்" என்று சொல்லிவிட்டு, இடது கையால் வண்டிச் சாவியைத் தேடினேன்.